பழைய ஆஃப்ரோடு வண்டியின் கதவு: துரு, தண்ணீர், இரைச்சல் – அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

பழைய ஜீப் வகை வண்டிகளின் கதவில் கை வைக்கும்போது பெரும்பாலும் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். தண்ணீர் உள்ளே போகாதபடி அடைக்கப் பார்க்கிறோம். கண்ணாடி ஏறி இறங்கும் கதவு என்றால் மழையில் அதன் வயிற்றுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். அப்படிப் போகும் என்று தெரிந்தேதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடியை ஒட்டி வெளிப்பக்கம் இருக்கும் ரப்பர் பீடிங் பெரும்பகுதியை வழித்துவிடும். மீதி கண்ணாடியோடு இறங்கி, வெளித்தகட்டின் உள்முகத்தில் வழிந்து, அடிமடிப்புக்கு வந்து, அங்குள்ள வடிதுளைகள் வழியாகத் தரைக்குப் போகும். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகிறதா, போன பிறகு கதவு காய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்று தவறியதால் வருபவை. இரைச்சலைக் குறைக்கத் தகட்டின் உள்முகத்தில் அதிர்வு தடுக்கும் ஷீட் ஒட்டுவதும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. அதைத் தனி வேலையாக நினைத்துச் செய்தவர்களின் கதவுதான் சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை, கழற்றுவது பற்றி இரண்டு வார்த்தை. பவர் விண்டோ இருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கையால் சுற்றும் கண்ணாடி என்றால், சுற்றும் கைப்பிடியைப் பல வண்டிகளில் ஒரு சின்னக் குதிரைலாட வடிவக் கம்பி கிளிப்தான் பிடித்திருக்கும். அதற்குத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு பழைய பருத்தித் துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே விட்டு, இரண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் தேய்ப்பதுபோல் மாற்றி மாற்றி இழுத்தால் துணியின் இழை கிளிப்பைக் கொக்கி போட்டு வெளியே தள்ளிவிடும். கிளிப் எங்கே தெறிக்கிறது என்று பார்க்க ஒரு ஆளை நிறுத்திக்கொள்வது நல்லது. நான் இரண்டு தொலைத்திருக்கிறேன்.

கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் 'களக்' என்று ஆடுகிறது

இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது: வடிதுளை அடைத்திருக்கிறது. கதவின் அடிவிளிம்பைக் குனிந்து பாருங்கள். நீள்துளையாகவோ வட்டமாகவோ, குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். சில வண்டிகளில் அவற்றின்மேல் ரப்பர் மூடி இருக்கும். உள்ளிருந்து தண்ணீர் வெளியே போகலாம், வெளியிலிருந்து தூசி உள்ளே வரக்கூடாது என்று வைத்தது. பழசானதும் அந்த ரப்பர் தகட்டோடு ஒட்டிக்கொண்டு எதையும் விடாது.

துளையை ஸ்க்ரூடிரைவரால் குத்தாதீர்கள். பெயிண்ட் பெயர்ந்து, அடுத்த துரு அங்கேயே தொடங்கும். வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை விட்டு ஆட்டினால் போதும். முதலில் கறுப்பாக ஒரு சொட்டு வரும், பிறகு சேறு கலந்து கொட்டும். வந்து நின்ற பிறகும் வேலை முடியவில்லை. பேடைக் கழற்றி, உள்ளே ஃபோன் கேமராவை விட்டு லைட் போட்டு ஒரு வீடியோ எடுங்கள். சாதாரண காரின் கதவில் காய்ந்த இலையும் தூசியும் இருக்கும். ஆற்றைக் கடந்து பழகிய வண்டியில் வேறு கதை. தண்ணீர் கதவின் அடிமட்டத்துக்கு மேல் ஏறும்போது அதே வடிதுளை வழியாகத்தான் உள்ளேயும் ஏறுகிறது, கூடவே வண்டலைக் கொண்டு வருகிறது. தண்ணீர் திரும்ப வடிந்துவிடும், வண்டல் தங்கிவிடும். அது அடிமடிப்பில் விரல் தடிப்புக்கு ஒரு களிமண் மெத்தையாகப் படிந்து, வெளியே எல்லாம் காய்ந்த பின்னும் பல நாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடற்கரை மணலில் ஓடிய வண்டி என்றால் அந்த மெத்தையில் உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைப்பதோடு துருவின் வேகத்தையும் கூட்டும்.

பேடைக் கழற்றிய நிலையில், குழாயில் மெல்லிய அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் விட்டு, கீழே தெளிவாக வரும்வரை கழுவுங்கள். அழுத்தக் கழுவி வேண்டாம்; வயர் கனெக்டருக்குள்ளும் பூட்டுக்குள்ளும் அடித்துவிடும். பிறகு கதவைத் திறந்து வைத்து ஒரு நாளாவது காய விடுங்கள். காற்றாடி வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு சோதனை. கண்ணாடியை முழுக்க ஏற்றி, வெளிப் பீடிங்குக்கு மேலே ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் கீழே பாருங்கள். சில நொடிகளில் எல்லாத் துளையிலும் சொட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் மற்றது இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி சாய்வான தரையில் நிற்கிறது. இந்த டம்ளர் சோதனையை நினைவில் வையுங்கள். கதவில் எந்த வேலை செய்தாலும் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

அடிவிளிம்புக்குச் சற்று மேலே பெயிண்ட் கொப்புளமாக எழுகிறது

வெளியே சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே நடப்பது ரொம்ப நாள் கதை. கதவின் வெளித்தகடு அடியில் வந்து, உள்சட்டத்தின் விளிம்பைச் சுற்றி மடிந்து அழுத்தப்பட்டிருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவே முடி நுழையும் அளவுதான் இடைவெளி. ஆனால் அந்த அளவு போதும், தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு ஏறிக்கொள்ளும். அங்கே பிரஷ் போகாது, காற்றும் சரியாகப் போகாது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். அந்த வீக்கம்தான் மடிப்பைப் பிரித்து, மேலே பெயிண்டைத் தள்ளுகிறது.

ஆகவே வெளியே தேய்த்துப் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிப்பது வெறும் ஒப்பனை. அடுத்த மழைக்காலம் முடியும் முன் அதே இடத்தில் மறுபடி எழும். உள்ளிருந்து தொடங்க வேண்டும்.

எவ்வளவு போயிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கதவின் அடிப்பகுதியை விளிம்போடு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும், போன தகடு 'தொப்' என்று உள்வாங்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முனை உள்ளே போனால் அங்கே தகடே இல்லை, துருவும் பெயிண்டும்தான் தகடு வேஷம் போட்டுக்கொண்டிருக்கின்றன. நிறைய வண்டிகளுக்குக் கதவின் அடிப்பட்டை மட்டும் தனித்தகடாகவே கிடைக்கும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்து அதை வைக்க வேண்டும். வெல்டிங் வைப்பவரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: ஒரே இழுப்பில் ஓட்ட வேண்டாம், பொட்டுப் பொட்டாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இடம் மாற்றி, சூடு தணிய விட்டு வைக்கட்டும். கதவின் தட்டையான தகடு சூட்டில் அப்பளம்போல் நெளிந்துவிட்டால் அப்புறம் பட்டியைத் தவிர வழியில்லை. தகடு கால்வனைஸ் செய்ததாக இருந்தால் வெல்டிங் புகையில் துத்தநாகம் இருக்கும். வெட்டவெளியில், தகுந்த முகமூடியோடு செய்ய வேண்டிய வேலை அது.

ஓட்டை இல்லை, மேல்துரு மட்டும்தான் என்றால் வேலை உங்கள் கையிலேயே முடியும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உதிர்வதை எல்லாம் உதிர்த்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் இறுகிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். டானிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும்தான் அதில் வேலை செய்பவை. துருவோடு சேர்ந்து கறுப்பாக, நிலையான ஒரு படலமாக மாறும். இதில் பலர் ஏமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பளபளக்கும் வெறும் இரும்பில் அதற்குப் பெரிதாக வேலையில்லை. அதைப் பெயிண்டாக நினைத்து எல்லா இடத்திலும் பூசக்கூடாது. இரண்டு, அந்தக் கறுப்புப் படலமே பாதுகாப்பு அல்ல. அது முழுக்கக் காய்ந்த பிறகு மேலே பிரைமர் வர வேண்டும். வெறும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலாக இருந்தால் டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்துக் காய வைத்த பின்புதான் எபாக்சி பிரைமர். அமிலம் மிச்சம் இருக்கும் இடத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது, தோல் உரிவதுபோல் வந்துவிடும்.

மடிப்புக்குள் இருக்கும் துருவை என்ன செய்வது? நேர்மையாகச் சொன்னால், மடிப்பைப் பிரிக்காமல் அதை முழுதாக எடுக்க முடியாது. காற்றும் ஈரமும் சேராமல் செய்து அதைத் தூங்க வைக்கலாம், அவ்வளவுதான். அதற்கு உள்பக்க மடிப்பில் நீர்த்த, ஊடுருவும் வகை மெழுகை விட வேண்டும். கெட்டியான சீலரை உள்ளிருந்து தடவி அடைப்பதைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே ஏற்கெனவே ஈரமும் துருவும் இருக்கும் இடத்துக்கு மேல் மூடி போடுவது, காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரி. சீலர் வெளிப்பக்க மடிப்பின் ஓரத்துக்கு: பழையது வெடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக மெல்லிய ஒரு வரி, வடிதுளைகளை விட்டுவிட்டு.

வெளித்தகட்டில் வெள்ளைப் பொடி, ஆனால் காந்தம் ஒட்டவில்லை

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய லேண்ட் ரோவர் குடும்பத்து வண்டி. 1983-இல் தொடங்கி 2016 வரை வந்த டிஃபெண்டர் வரிசையில் பழைய வகைக் கதவுகள் இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்திச் செய்தவை. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்பு கலந்த ஈரம் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அந்த பேட்டரியில் கரைவது அலுமினியம். அதனால்தான் விளிம்போரம் பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாகக் கிளம்புகிறது. சட்டம் தன் பங்குக்கு உள்ளே சிவப்பாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

இங்கே ரஸ்ட் கன்வெர்ட்டரால் பயனில்லை, அது இரும்புத் துருவுக்கானது. பொடியைத் தேய்த்து எடுக்க இரும்புக் கம்பி பிரஷ்ஷையும் பயன்படுத்தாதீர்கள். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து இன்னும் நூறு சின்ன பேட்டரிகளைத் தொடங்கிவைக்கும். உப்புத்தாள், இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் பிரஷ். சுத்தமானதும் அலுமினியத்தில் பிடிக்கும் எட்ச் பிரைமரோ (அமிலம் கலந்த பிரைமர்) எபாக்சியோ, இரண்டில் ஒன்று மட்டும். எட்ச் பிரைமரின்மேல் எபாக்சி அடித்தால் மேலே சொன்ன அதே அமிலச் சிக்கல்தான். கதவைப் பிரிக்கும் அளவுக்கு வேலை வந்திருந்தால் சட்டத்தின் விளிம்புக்குத் தனியாகப் பெயிண்ட் அடித்து, இரு உலோகத்துக்கும் நடுவே சீலர் அல்லது டேப் ஒரு படலம் இருக்கும்படி மூட வேண்டும். கீல், கண்ணாடித் தாங்கி, கைப்பிடி ஆகியவற்றின் போல்ட்டுக்கு அடியிலும் பிளாஸ்டிக் வாஷர் இதே காரணத்துக்குத்தான்.

கதவு சரியாக வடிகிறது, ஆனாலும் கால்மிதி நனைகிறது

தண்ணீர் கதவுக்குள் போகலாம், கதவைத் தாண்டி வண்டிக்குள் வரக்கூடாது. அந்த எல்லைக்கோடு டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள். யாரோ ஒருமுறை ஸ்பீக்கர் மாற்றவோ பூட்டுப் பார்க்கவோ கழற்றிவிட்டு, 'இது எதற்கு' என்று கிழித்துப் போட்டிருப்பார்கள். பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் பார்த்திருக்கிறேன். தாள் இல்லாத கதவில் பேடின் அட்டை அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கும், பழுப்புக் கறை அலையலையாக ஏறியிருக்கும்.

புதிய தாள் போடுவது சுலபம், கெட்டியான பாலிதீன் தாளே போதும். ஒட்டுவதற்குக் கயிறுபோல் வரும் பியூட்டைல் (பிசுபிசுப்பான ஒரு ரப்பர் பசை) வாங்குங்கள். அது இறுகிப்போகாது, நாளைக்குக் கழற்றினாலும் மறுபடி ஒட்டும். சூட்சுமம் கீழ்விளிம்பில் இருக்கிறது. தாளின் அடிப்பகுதி சட்டத்தின் வெளியே தொங்கக்கூடாது. சட்டத்தின் அடியில் இருக்கும் துளை அல்லது பிளவு வழியாக அதைக் கதவின் வயிற்றுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் தாளில் பட்டு வழியும் தண்ணீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழும். கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருக்குமே, அதே கணக்கு. வெளியே விட்டு ஒட்டினால் தாள் இருந்தும் தண்ணீர் நேரே பேடுக்குத்தான் போகும்.

தாளும் சரி, பேடும் காய்ந்திருக்கிறது, இருந்தும் கால்மிதி ஈரம் என்றால் கதவை விட்டுவிட்டுக் கதவைச் சுற்றிய ரப்பரையும், முன்கண்ணாடியின் அடிமூலையையும், காற்று வரும் வழியையும் பாருங்கள். அது வேறு கட்டுரை.

மெழுகு அடித்த பிறகு புதுத் தொல்லை

கதவுக்குள் அடிக்கும் மெழுகு, கம்பளிக் கொழுப்பில் செய்த எண்ணெய் வகைகள் எல்லாம் நல்ல பொருள்கள். அடித்த விதத்தில்தான் கோளாறு வருகிறது.

அடித்த சில நாளில் வடிதுளையிலிருந்து பழுப்பாக, பிசுபிசுவென்று சொட்டினால் பயப்பட வேண்டாம், அதிகப்படியானது வழிகிறது. சொட்டாமல் இருந்தால்தான் கவலை. முதல்முறை நான் அடித்தபோது, நிறைய அடித்தால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்துக் கதவுக்கு ஒரு டின்னே காலி செய்தேன். குளிரில் மெழுகு அடியில் போய் இறுகி, மூன்று துளையையும் மெழுகுவர்த்தி வார்த்ததுபோல் அடைத்துவிட்டது. அடுத்த பெருமழையில் முழங்கால் உயரத்துக்கு இல்லை, ஆனால் ஸ்பீக்கரின் அடியைத் தொடும் அளவுக்குக் கதவுக்குள் தண்ணீர் நின்றது. துருவைத் தடுக்கப் போய் நானே தொட்டி கட்டியிருந்தேன். அதிலிருந்து, அடிக்கும் முன்பே ஒவ்வொரு துளையிலும் ஒரு பிளாஸ்டிக் டையைச் செருகி வைத்துவிடுவேன். மெழுகு இறுகும் முன் உருவி எடுத்தால் வழி திறந்தே இருக்கும். பிறகு டம்ளர் சோதனை.

கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, நடுவில் நிற்கிறது என்றால் மெழுகு கண்ணாடி ஓடும் பள்ளத்தின் ரப்பரில் பட்டிருக்கிறது. அடிக்கும்போது கண்ணாடி முழுக்க மேலே ஏறியிருக்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளத்துக்குத் துணி அடைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பட்டுவிட்டதா? துணியில் சிறிது மெழுகு கரைப்பான் நனைத்துத் துடைத்துவிட்டு, ரப்பர் பள்ளத்துக்கு சிலிகான் ஸ்பிரே கொடுங்கள். பூட்டுக்குள் மெழுகு போய் இறுகினால் அதுவும் இப்படித்தான் தகராறு செய்யும்.

எந்த முனையால் அடிப்பது என்று கேட்பவர்களுக்கு: நீளக் குழாயின் நுனியில் சுற்றுமுற்றும் தெளிக்கும் முனை. கடைசி மூலைவரை விட்டு, அழுத்திக்கொண்டே ஒரே சீராகப் பின்னால் இழுங்கள். கீல் பக்கத்து மூலை, பூட்டுக்கு அடியில், குறுக்கே ஓடும் பலப்பட்டைக்குப் பின்னால் ஆகிய மூன்று இடங்களும்தான் எப்போதும் விட்டுப்போகும். கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது. கதவைத் திறந்து வைத்து, பேட்டரியை இணைக்காமல், ஒரு நாள் காற்றாட விட்ட பிறகே பேடை மாட்டுங்கள். மெழுகு அடித்த கதவில் அப்புறம் வெல்டிங் வைக்க நேர்ந்தால் சுத்தமாகக் கழுவி எடுத்தாக வேண்டும்.

பழைய இன்ஜின் ஆயிலைக் கதவுக்குள் ஊற்றுவது ஒரு பழைய பழக்கம். வேண்டாம். ஓடித் தேய்ந்த எண்ணெயில் அமிலம் இருக்கும், ரப்பரை உப்ப வைக்கும், துளை வழியே தரையெல்லாம் சொட்டும், தொட்டவர் தோலுக்கும் கேடு.

ஒட்டிய ஷீட் உரிந்து விழுகிறது, வெயிலில் தார் வாடை அடிக்கிறது

வாடை அடித்தால் ஒட்டியது பியூட்டைல் அல்ல, கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ஷீட். பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்: ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் கறுப்புப் பசை. வெயிலில் நின்ற கதவின் தகடு தொட முடியாத அளவுக்குச் சுடும். தார் இளகிச் சறுக்கும். என் வண்டியில் சறுக்கிய ஷீட் கண்ணாடி ஏற்றும் மிஷினின் பல்லில் சுருண்டு, கண்ணாடி பாதியில் நின்று, அன்று இரவு முழுக்க மழை. தார்ஷீட் ஒட்டியிருந்தால் சூடாக இருக்கும்போது பிய்க்காதீர்கள், இழுபட்டு ஒட்டிக்கொண்டே வரும். குளிர்ந்த காலை நேரத்தில் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தால் துண்டு துண்டாக உடைந்து வரும்.

பியூட்டைல்தான், வாடை இல்லை, ஆனாலும் உரிகிறது என்றால் அடித்தளம் சரியில்லை. தூசி, எண்ணெய், துருப் படலம், எல்லாவற்றுக்கும் மேலாக மெழுகு. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வரிசைப் பிழை இதுதான்: முதலில் மெழுகை அடித்துவிட்டுப் பிறகு ஷீட் ஒட்டுவது. மெழுகின்மேல் எதுவும் ஒட்டாது. துரு வேலை, பிரைமர், பெயிண்ட், அதன்பின் ஷீட், கடைசியில் மெழுகு. இந்த வரிசை மாறக்கூடாது. ஷீட் ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துணி வெள்ளையாக வரும்வரை மாற்றித் துடைத்து, காய்ந்ததும் ஒட்டுங்கள். குளிர்நாளில் தகட்டையும் ஷீட்டையும் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கையால் தட்டினால் போதாது. சின்ன ரோலரால், அலுமினியத் தாளில் இருக்கும் புடைப்புக் கோலம் தட்டையாகும்வரை உருட்ட வேண்டும். கோலம் மறைந்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

துருப்பிடித்த தகட்டின்மேல் அப்படியே ஷீட் ஒட்டி மறைத்தவர்களும் உண்டு. அவர்கள் கதவை அடுத்து வாங்குபவர்தான் பார்ப்பார்.

ஷீட்டை எங்கே நிறுத்துவது என்பதுதான் துருவும் இரைச்சலும் சந்திக்கும் இடம். அடிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்கு எதுவும் ஒட்டாதீர்கள். அந்தப் பகுதி மெழுகுக்கும் தண்ணீருக்கும் உரியது. ஷீட்டின் ஓரங்களையும் ரோலரால் நன்றாக அழுத்திவிடுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரம் தண்ணீரைத் தேக்கும் சின்ன அலமாரி. பஞ்சுபோல் தண்ணீரை உறிஞ்சும் ஃபோம், வீட்டுக் கம்பளம், தையல் பஞ்சு எதுவும் வெளித்தகட்டுப் பக்கம் வேண்டாம். டப்பாவில் வரும் உப்பும் ஃபோமைக் கதவுக்குள் பீய்ச்சுவது எல்லாவற்றிலும் மோசம்: வடிதுளையை அடைக்கும், கண்ணாடியை மறிக்கும், ஈரத்தைத் தகட்டோடு சேர்த்துப் பிடிக்கும், பிறகு வெளியேயும் எடுக்க முடியாது.

ஷீட் ஒட்டியும் சத்தம் குறையவில்லை

எந்தச் சத்தம் என்று முதலில் கேளுங்கள்.

கதவை மூடினால் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது, கரடுமுரடான சாலையில் 'தம்' என்று அதிர்கிறது என்றால் அது தகட்டின் அதிர்வு. பியூட்டைல் ஷீட்டின் வேலை இதுதான்: அலுமினியத் தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பசை, அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். இதற்குக் கதவு முழுக்க ஒட்டத் தேவையில்லை. பெரிய தட்டையான பகுதியின் நடுவில், மொத்தப் பரப்பில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாக ஒட்டினாலே பெரும் வித்தியாசம் தெரியும். அதற்குமேல் ஒட்டுவது எடைக்கும் செலவுக்கும்தான். குறுக்கே பலப்பட்டை இருக்கும் கதவில் அதற்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே தொழிற்சாலையில் வைத்த ரப்பர் போன்ற பசைக் கட்டிகள் இருக்கும். பழசானதும் அவை இறுகித் தகட்டை விட்டுவிடும், தகடு பட்டையில் தட்டத் தொடங்கும். விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். விட்டிருந்தால் காய்ந்த பிறகும் ரப்பர்போல் வளையும் பாலியூரித்தேன் சீலரை அந்த இடங்களில் கட்டி கட்டியாக வையுங்கள். ஷீட் ஒரு மீட்டர் ஒட்டுவதைவிட இது அதிகம் பேசும்.

'கிடுகிடு' என்றால் உள்ளே ஏதோ தளர்வு. பூட்டுக் கம்பி, வயர் கனெக்டர், பேடின் உடைந்த கிளிப். கம்பிக்கு ஃபோம் டேப் சுற்றுங்கள். அது அசையும் தூரத்தைத் தடுக்காதபடி.

வேகத்தில் மட்டும் 'உஸ்' என்றால் அது காற்று. எத்தனை ஷீட் ஒட்டினாலும் குறையாது. கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெளியிலிருந்து பெயிண்டர் டேப்பால் ஒட்டி மூடிவிட்டு, உதவிக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு மறுகதவு வழியாக ஏறி ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ரப்பர்தான் குற்றவாளி. எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, ஒரு தாள் துண்டை ரப்பருக்கு நடுவே வைத்துக் கதவை மூடி இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அங்கே ரப்பர் அழுந்தவில்லை. புது ரப்பர் வாங்கும் முன் பூட்டு மாட்டும் கொக்கியைச் சற்று உள்ளே நகர்த்திப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

வெயிலில் கதவின் உள்பக்கம் இன்னும் சுடுகிறது

பியூட்டைல் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அல்ல. அதன் பளபள முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. பளபளப்பு வெப்பக் கதிரைத் திருப்ப வேண்டும் என்றால் அதற்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். ஃபோமோ பேடோ அதன்மேல் அழுந்திவிட்டால் அந்தப் பலன் போச்சு. வெப்பத்துக்கு வேண்டியது மூடிய அறைகள் கொண்ட ஃபோம், 5 முதல் 10 மில்லிமீட்டர். அதை உள்சட்டத்தின் மேல், பிளாஸ்டிக் தாளுக்கும் பேடுக்கும் நடுவே, அதாவது காய்ந்த பக்கம் வையுங்கள். 10 மில்லிமீட்டர் வைத்துவிட்டுக் கிளிப் துளைக்கு எட்டவில்லை என்று பேடைக் குத்தித் திணிப்பவர்கள் உண்டு. கிளிப்பைச் சுற்றி ஃபோமை வெட்டி எடுங்கள், கைப்பிடியும் கண்ணாடி சுற்றியும் வரும் இடத்தில் மெல்லியதைப் போடுங்கள்.

வேலை முடிந்தபின் கதவு தொங்குகிறது, அறைந்தால்தான் மூடுகிறது

2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ வரும். இரண்டு அடுக்கு ஒட்டி, உள்சட்டத்திலும் ஒட்டி, ஃபோமும் வைத்தால் கீலில் புதிதாக ஒரு சின்ன கேஸ் ஸ்டவ்வைத் தொங்கவிட்ட கணக்கு. புதுக் கீல் தாங்கும். பல வருடம் குண்டுகுழியில் ஆடிய கீலில் ஏற்கெனவே புஷ் (முள்ளைச் சுற்றி இருக்கும் வளையம்) தேய்ந்திருக்கும், இந்த எடை அதைக் காட்டிக்கொடுக்கும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடி ஓரத்தை இரு கையாலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கதவு மேலே ஏறி 'டக்' என்றால் ஆட்டம் கீலில். எந்தக் கீல் என்று பார்க்க, இன்னொருவர் தூக்கும்போது நீங்கள் கீலின்மேல் விரலை வையுங்கள்; விரலுக்கு அசைவு தெரியும். முள்ளையும் புஷ்ஷையும் மாற்றிய பிறகுதான் கொக்கியைச் சரிசெய்ய வேண்டும். கீல் தொங்கும்போது கொக்கியை இறக்கி வைத்துச் சமாளித்தால், கதவு மூடும். ஆனால் அடிவிளிம்பு ரப்பரில் உரசி, மெழுகும் பெயிண்டும் தேய்ந்து, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் காத்த அதே மடிப்பில் வெறும் இரும்பு தெரியும்.

கீல் சரியாக இருந்தும் அறைந்தால்தான் மூடுகிறது என்றால், புதிதாகப் போட்ட கதவு ரப்பர் இன்னும் அழுந்திப் படியவில்லை என்று பொருள். சில வாரத்தில் படிந்துவிடும். அதற்குள் பொறுமையிழந்து ரப்பரை வெட்டிவிடாதீர்கள். எதிர்க்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். சுலபமாக மூடினால் உள்ளே அடைபட்ட காற்றுதான் தள்ளுகிறது, ரப்பரில் கோளாறில்லை.